ஏசுஅடிமையை மூடிய மஞ்சப்பூ

நாகர்கோவிலில் மகள் வீட்டில் மூன்று மாதம் கால் நீட்டிக் கிடந்துவிட்டு ஆட்டோவில் வந்து இறங்கிய பூங்கனி, வீட்டுக்குள் நுழையவில்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு நேராகப் பின்பக்கத்து விளைக்கு, வீட்டுத் தோட்டத்துக்குப் போனாள். முதலில் புருஷனைப் பார்க்க வேண்டும். புருஷன் ஏசுஅடிமை இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவரைப் புதைத்தது அந்த விளையில், அயினி மரத்தடியில்தான். புதுக்கடைப் பக்கத்து ஊர்களில் இது ஒன்றும் அதிசயமில்லை. செத்தவர்களைச் சொந்த மண்ணிலேயே படுக்க வைத்துவிட்டு, அடுக்களை வாசலிலிருந்து தினமும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்கள்.

பூங்கனி பார்த்தாள். அயினி மரம் நின்றது. புருஷனைக் காணவில்லை.

மண்மேடு இருந்த இடம் முழுக்க ஒரே பச்சை. கணுக்கால் உயரத்துக்கு ஒரு கொடி, தரை தெரியாமல் அடர்ந்து படர்ந்து கிடந்தது. அதில் அங்கங்கே மஞ்சள் மஞ்சளாகப் பூ. மரச்சிலுவையின் தலை மட்டும் கொஞ்சம் எட்டிப் பார்த்தது, அதன் கழுத்திலும் கொடி ஏறியிருந்தது. அடுக்களைப் பக்கமிருந்து பார்க்கிற எவனுக்கும் அங்கே ஒரு ஆள் கிடக்கிறார் என்று தெரியாது. ஆசைக்கு வளர்த்த தோட்டம் என்றுதான் நினைப்பான்.

'எவனுக்கும்' என்ற நினைப்பு வந்ததுமே அவள் கைத்தடியை ஊன்றி அங்கேயே நின்றாள். எவனுக்குத் தெரியக் கூடாது? விளையை விலை பேச வருகிறவனுக்கு. கல்லறை கிடக்கிற நிலத்தை வெளியாள் லேசில் வாங்கமாட்டான். கல்லறையைக் கண்ணில் காட்டாமல் மூடிவிட்டால்?

வந்து இறங்கிய சூட்டோடு இப்படியா ஒருத்தி யோசிப்பாள் என்று கேட்பீர்கள். பூங்கனியைத் தெரியாதவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள்.

அவள் வேலை பார்த்தது அண்டி ஆபீஸில். முந்திரிக்கொட்டை உடைக்கிற கம்பெனிக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். கொட்டை எண்ணெய் பட்டுக் கை கறுத்துப்போகிற அளவுக்கு உடைத்தாள். பிறகு அவளுடைய கண்ணைப் பார்த்துவிட்டு மேனேஜர் அவளைக் கேட்டில் நிறுத்தினார். சாயங்காலம் வேலை முடிந்து போகிற பெண்கள் ஒவ்வொருத்தியும் பூங்கனியின் கைக்குத் தப்பித்தான் வெளியே போக வேண்டும். கொண்டைக்குள், முந்தானை முடிச்சுக்குள், தூக்குவாளியின் அடிச்சோற்றுக்குள் பருப்பு ஒளிந்திருக்கும். மடியைத் தடவிப் பார்ப்பது அவளுக்கு இரண்டாம்பட்சம். முகத்தைப் பார்த்தே பாதி கண்டுபிடித்துவிடுவாள். ஒருத்தி கைக்குழந்தைக்குக் கம்பளித் தொப்பி போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இந்த வெயில்ல பிள்ளைக்கு என்னத்துக்குட்டி தொப்பி?" என்று கேட்டுக்கொண்டே பூங்கனி தொப்பியைத் தூக்கினாள். பருப்பு பொலபொலவென்று கொட்டியது. பிள்ளை சிரித்தது. தாய்க்காரி வேலை போய் அழுதாள்.

கம்பெனியை இழுத்து மூடினார்கள், ஆனால் கேட் அவளை விட்டுப் போகவில்லை. கடியப்பட்டணத்திலிருந்து மீன் கொண்டுவருகிற பெண் எத்தனை வருஷப் பழக்கம்! இன்றைக்கும் ஒவ்வொரு மீனுக்கும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் பாத்திரத்தில் போடவிடமாட்டாள். போதகர் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணினால், பக்கத்து வீட்டில் பண்ணியதைவிடக் குறைத்துவிட்டாரோ என்று ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பாள். ஏசுஅடிமைக்கு இதெல்லாம் தமாஷ். "பூங்கனி, ஒனக்குப் பரலோகத்திலயும் கேட்டுலதான் வேலை. அங்க சாவி வச்சு நிக்க பேதுருவுக்குக் கொஞ்சம் லீவு கெடைக்கும்" என்பார்.

அவர் ரப்பர் வெட்டப் போகிறவர். விடியும் முன் சைக்கிளில் கிளம்பிவிடுவார். சின்ன வயதில் பாறைக்குழி வேலைக்குப் போனபோது வெடி வைத்ததில் வலது காது போய்விட்டது. அதனால் கல்யாணமான நாளிலிருந்து பூங்கனி அவருக்கு இடது பக்கமேதான். நடந்தாலும் இடது, சர்ச்சில் உட்கார்ந்தாலும் இடது, பாயிலும் இடது. சாகக் கிடந்தபோது அவர் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. "எனக்க மேல சிமெண்டு பூசாதீங்க, மூச்சு முட்டும். மண்ணு போதும்."

அப்படியே மண்ணைக் குவித்துச் சிலுவை நட்டார்கள். மேட்டுக்கு இடது பக்கத்தில் ஓர் ஆள் கிடக்கிற அளவுக்குப் பூங்கனி இடம் விட்டாள். அதில் ஒரு மரச்சீனிக் கிழங்குக் கம்புகூட நடவிடவில்லை. அது அவளுடைய இடம். செத்தபிறகும் அவருடைய கேட்கிற காதுப் பக்கம் கிடக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு இனி வேண்டியது. இதைப் பக்கத்து வீட்டு அன்னக்கிளியிடம் மட்டும் சொல்லியிருந்தாள். மகன் எபினிடம் சொல்லவில்லை. மஸ்கட்டில் கிடந்து கஷ்டப்படுகிறவனிடம் போய் எனக்குக் குழிக்கு இடம் வை என்றா சொல்வது? இப்போது அந்த இடத்தின்மேலும் மஞ்சப்பூ பூத்திருந்தது.

மருமகள் ரெனிஷா காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். நாகர்கோவில்காரி, பள்ளிக்கூடத்தில் டீச்சர். அதிகம் பேசமாட்டாள். பூங்கனியின் கணக்கில் அதுவே ஒரு குறி.

"பின்னால அந்தச் செடி எப்பிடி வந்துது?"

"தெரியல மாமி. மழைக்கு வந்திருக்கும்."

"மழைக்கு நடந்து வந்துதா?"

 செடி ரெனிஷாவுடையது என்பதில் பூங்கனிக்குச் சந்தேகமே இல்லை. வீட்டின் முன்பக்கம் ரோட்டை நோக்கிச் சரிவு. மழைக்கெல்லாம் செம்மண் கரைந்து ரோட்டுக்குப் போகிறதென்று, போன வருஷம் நர்சரியிலிருந்து ரெண்டு தொட்டியில் வாங்கி வந்து நட்டவள் அவள்தான். அது நாலைந்து மாதத்தில் சரிவு முழுக்க மூடிவிட்டது. மஞ்சள் கரிசலாங்கண்ணி மாதிரி இருக்கிறதே என்று அன்னக்கிளி இலையைக் கிள்ளி மோந்து பார்த்தாள். அது வேறு, இது தரைமூடிச் செடி என்று நர்சரியில் சொன்னதாக ரெனிஷா சொன்னாள். "பாம்பு வந்து குடியிருக்கும்" என்று பூங்கனி அன்றைக்கே சொல்லி வைத்தாள்.

"நான் வச்ச மலர்வளையம் எங்க?"

"நான் எடுக்கலியே மாமி. காஞ்சு போயிருக்கும்."

"பூவு காயும். டயரும் காயுமா?"

 வைகாசியில் ஏசுஅடிமையின் முதல் ஆண்டு நினைவுக்குப் பூங்கனி தன் கையாலேயே வளையம் கட்டினாள். கடையில் விற்கிற வளையத்தில் பழைய பூவை உள்ளே வைத்துக் கட்டுவார்கள் என்பது அவளுடைய சந்தேகம். அவருடைய சைக்கிளின் பழைய டயரை எடுத்து, கைக்குக் கிடைத்த பச்சையும் பூவும் வைத்து, தன் பழைய சேலையைக் கிழித்துச் சுற்றி மேட்டின்மேல் வைத்தாள். அடுத்த வாரம் மழை பிடித்தது. கிணற்றடியில் வழுக்கி விழுந்து கால் முறிந்தது. மகள் ஜாஸ்மி வந்து நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய்விட்டாள். இப்போது வளையத்தையும் காணோம், மேட்டையும் காணோம். கல்லறை என்பதற்கு அடையாளமாகக் கிடந்ததை எல்லாம் ஒருத்தி ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறாள்.

மறுநாள் அன்னக்கிளி கய்யாலைக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டாள். இரண்டு விளைக்கும் நடுவில் இடுப்பளவு மண்சுவர். அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு பேசுவதுதான் அவர்களுக்கு வழக்கம்.

"பூங்கனி, ஒண்ணு பறையட்டா? பெறவு என்னைச் சொல்லக் கூடாது."

"பறை."

"நீ இல்லாத்தப்பம் ஒரு ஆளு பைக்குல வந்தான். ஒனக்க மருமவளும் அவனும் நாடா புடிச்சு அளந்தாவ. அயினி மூட்டுல இருந்து இந்தக் கய்யால வரைக்கும்."

"எவன்?"

"நம்ம பக்கத்து ஆளு இல்ல. கையில பை வச்சிருந்தான்."

பை வைத்திருந்தால் தரகன்தான்.  பூங்கனிக்கு அழுகை வந்தது. அழுதால் அன்னக்கிளி இன்னும் நாலு பேரிடம் சொல்லுவாள் என்று அடக்கிக்கொண்டாள்.

அன்றைக்கே அடுக்களை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோட்டு உட்கார்ந்தாள். கால்வலிக்கு வெயில் நல்லது என்றாள். அண்டி ஆபீஸ் கேட் மறுபடியும் திறந்துவிட்டது என்பது ரெனிஷாவுக்குத் தெரியாமலா இருக்கும்? இரண்டு நாள் கழித்து, துணி மடித்துக்கொண்டிருந்த மருமகள் திடீரென்று கேட்டாள்.

"மாமி, நீங்க எத்தனை அடி இருப்பீங்க?"

"என்னத்துக்கு?"

"சும்மாதான்."

மருமகள் மாமியாரின் உயரத்தைச் சும்மா கேட்டதாக உலகத்தில் எங்காவது உண்டா? பூங்கனி யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தாள். முதியோர் இல்லம். அங்கே கட்டில் போட அளவு கேட்பார்களாக இருக்கும். விளை ஒருவனுக்கு, வீடு இன்னொருவனுக்கு, கிழவி கட்டிலுக்கு. போதாக்குறைக்கு அன்று சாயங்காலம் மாடிப்படியில் நின்று எபினுடன் போனில் ரெனிஷா பேசியது காதில் விழுந்தது. "மாமிக்கு இப்பத் தெரிய வேண்டாம். வேலை முடியட்டும், பெறவு பாத்துக்கலாம்." பெற்ற மகனும் கூட்டு.

ரெனிஷா குளிக்கப் போன நேரம் பூங்கனி அவளுடைய பள்ளிக்கூடப் பையைத் திறந்தாள். சாப்பாட்டு டப்பா, குடை, சிவப்புப் பேனா, அடியில் ஓர் அளவு நாடா, கொத்தனார்கள் வைத்திருக்கிற மாதிரி சுருட்டி இழுக்கிற நாடா. பழைய கை தானாகவே வேலை செய்தது. நாடாவை எடுத்துக்கொண்டுபோய் அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டாள். மறுநாள் ரெனிஷா பையைக் கவிழ்த்துத் தேடினாள், மேஜைக்கு அடியில் தேடினாள், ஆனால் கண்டீர்களா என்று கேட்கவில்லை. திருட்டுப் பருப்பைத் தொலைத்தவள் யாரிடமும் கேட்கமாட்டாள், பூங்கனிக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பெண்கள் சங்கம் கூடியது. ஜெபக் குறிப்பு இருந்தால் சொல்லலாம் என்றதும் பூங்கனி கைத்தடியை ஊன்றி எழுந்தாள்.

"எனக்க மருமவ எனக்க மாப்பிளைய விக்கப் போறா. எல்லாரும் ஜெபிச்சுக்கிடுங்க."

கண்ணை மூடியிருந்தவர்கள் எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள். ஜெபம் நடந்ததோ இல்லையோ, சேதி சாயங்காலத்துக்குள் ரெனிஷாவின் காதுக்குப் போய்விட்டது. அவள் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பிடவில்லை. பாத்திரங்களை மட்டும் கொஞ்சம் சத்தமாகக் கழுவினாள். குற்றமுள்ளவள்தான் வாய் திறக்கமாட்டாள் என்று பூங்கனி முடிவு செய்தாள். ரெனிஷா வாய் திறந்திருந்தால், குற்றமுள்ளவள்தான் ரொம்பப் பேசுவாள் என்றிருப்பாள். அந்தக் கேட்டில் நுழைந்தவளுக்கு வெளியே போக வழியே கிடையாது.

சனிக்கிழமை காலையில் பைக் வந்தது. பையோடு ஓர் ஆள் இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு நேரே விளைக்குப் போனான். பூங்கனி நாற்காலியிலிருந்து எழுந்தாள். கைத்தடியைப் போட்டுவிட்டுச் சுவரில் சாய்த்திருந்த மம்பட்டியை எடுத்தாள். கால் வலித்தது. வலிக்கட்டும் என்று விறுவிறுவென்று இறங்கிப் போய், அந்த ஆளுக்கு முன்னால் நின்று பச்சையில் ஓங்கி ஒரு வெட்டு வெட்டினாள்.

"நல்லா கண்ணைத் தொறந்து பாரு. இஞ்ச ஒரு ஆளு கெடக்காரு. இதை மறச்சுத்தான் ஒனக்கு விக்கப் பாக்காவ."

அந்த ஆள் இரண்டடி பின்னால் போனான். "தெரியுமே அம்மா. இவருக்குத்தானே வந்தேன்."

"என்னது?"

"நான் ராஜையன், கொத்தனாரு. மழைக்கு மண்ணு கரஞ்சு போவுதுன்னு சுத்தி ஒரு கல்லுக்கெட்டு கெட்டச் சொன்னாவ. மேல சிமெண்டு படக் கூடாது, சுத்தி மட்டும்னு மகன் போன்ல சொன்னாரு. எனக்க நாடாவைப் போன தடவை டீச்சர் கையில குடுத்துட்டுப் போயிட்டேன். அதையும் வாங்கணும்."

பூங்கனி நம்பவில்லை. கொத்தனார் என்று சொல்லிக்கொண்டு தரகன் வரக் கூடாதா? மம்பட்டியைக் கொடிக்குள் விட்டு இழுத்தாள். அது எதிலோ மாட்டிக்கொண்டு வர மறுத்தது. குனிந்து இரண்டு கையாலும் கொடியைப் பற்றிப் பிடுங்கினாள். மண்ணோடு, வேரோடு, கறுப்பாக ஒன்று மேலே வந்தது.

சைக்கிள் டயர்.

அதைச் சுற்றி அவளுடைய ஊதாச் சேலைக் கிழிசல் மட்கிப்போய் ஒட்டியிருந்தது. கிழிசலுக்கு அடியில் கட்டியிருந்த தண்டு எதுவும் காயவில்லை. மண்ணைத் தொட்ட ஒவ்வொரு கணுவிலிருந்தும் வெள்ளை வேர் இறங்கி ஏசுஅடிமையின் மண்ணைப் பிடித்திருந்தது. ஒவ்வொரு கணுவிலிருந்தும் ஒரு கொடி கிளம்பி வெளியே ஓடியிருந்தது. ஒரு கொடியைக் கையால் பின்தொடர்ந்து பார்த்தாள். பிறகு இன்னொன்று. எல்லாம் டயரிலிருந்துதான் புறப்பட்டிருந்தன. சேலைக் கிழிசலில் இருந்தது இரட்டை முடிச்சு. ஒரு முடிச்சை நம்பாமல் மேலே இன்னொன்று போடுகிறவள் அந்த ஊரில் ஒருத்திதான்.

நினைவு நாளன்று விடிகாலையில், மருமகள் எழுந்திருக்கும் முன்னால், முன்வாசல் சரிவில் உட்கார்ந்து அந்தக் கொடியை அறுத்தது அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது. பூ நன்றாக இருந்தது. ரெனிஷாவிடம் கேட்காமல்தான் அறுத்தாள். அதன்மேல் மூன்று மாதம் மழை பெய்தது. இத்தனை காலம் ஊராருடைய மடியில் தேடியவள், கையும் களவுமாகத் தன்னையே பிடித்துக்கொண்டு நின்றாள்.

சத்தம் கேட்டு ரெனிஷா ஓடிவந்தாள். மாமியார் கையிலிருந்த டயரைப் பார்த்தாள். சிரித்திருக்கலாம், அவள் சிரிக்கவில்லை.

"வளையம் கெடச்சுட்டா மாமி?"

பூங்கனி டயரை முந்தானையால் மூடப் பார்த்தாள்.

"நான் அதுல ஒரு தண்டு நடல. முளைச்சு வந்தப்ப, பிடுங்கட்டான்னு எபின்ட்ட கேட்டேன். கெடக்கட்டும், அப்பாக்க மேல மண்ணாவது நிக்குமேன்னு சொன்னாரு. அதுக்கு நீங்க சங்கத்துல எழும்பி, நான் மாமாவ விக்கப் போறேன்னு சொல்லியிருக்கீங்க. ஸ்கூல்ல ஒரு டீச்சர் வந்து, எவ்வளவுக்குப் போவுதுன்னு எங்கிட்டயே கேக்கா." ரெனிஷா புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"நீ எங்கிட்ட ஒரு வார்த்தை பறஞ்சிருக்கலாமே மக்கா."

"என்னன்னு சொல்லதுக்கு? மாமி, கல்லு கெட்டும்போது ஒங்களுக்கும் சேத்து எடம் விட்டுக் கெட்டணும், நீங்க எத்தனை அடி இருப்பீங்கன்னா? உயிரோட நடக்கிற ஆளுட்ட இத எப்பிடிக் கேக்க?"

ராஜையன் தலையைத் திருப்பி அயினி மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பூங்கனிக்கு இன்னும் ஒரே ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அதைக் கேட்கவும் பயமாக இருந்தது, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. சந்தேகம் அவளை அவ்வளவு லேசில் விட்டுவிடுமா?

"எனக்கு எந்தப் பக்கம் எடம் போட்டிருக்கிய?"

"இடது பக்கம்" என்றாள் ரெனிஷா. கேட்கவும் வேண்டுமா என்பது போல மாமியாரைப் பார்த்தாள். "மாமாக்கு வலது காது கேக்காதுல்லா."

பூங்கனி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். கால் வலியினால் அல்ல. டயரை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். புருஷனைப் புதைத்த அன்றைக்கும் அவள் இப்படி அழவில்லை, அன்றைக்கு வந்தவர்களில் யார் நிஜமாக அழுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பாப் போச்சு மக்கா. எனக்க புத்தி அப்பிடி."

"சங்கத்துல எழும்பித்தானே சொன்னீங்க" என்றாள் ரெனிஷா. "அங்கயே எழும்பி இதையும் சொல்லணும். டயர் கதை வரைக்கும்."

"பறையேன்."

"எல்லாத்தையும்."

"எல்லாத்தையும் பறையேன். நாடாவையும்."

"எந்த நாடா?"

"அரிசிப் பானைக்குள்ள கெடக்கு."

 ரெனிஷா திரும்பி வீட்டுக்குப் போனாள். அவள் வருவதற்குள் பூங்கனி டயரைப் பழையபடி மேட்டின்மேல் வைத்தாள். மம்பட்டியில் அறுபட்ட கொடிகளை ஒவ்வொன்றாக எடுத்து, கணு மண்ணுக்குள் போகும்படி விரலால் அழுத்தினாள். இடது பக்கத்தில் வெட்டுப்பட்டு வெளியே தெரிந்த மண்ணிலும் இரண்டு தண்டை ஊன்றினாள். பிடிக்குமா என்று ராஜையனிடம் கேட்டாள். "இதை வெட்டிப் போட்டாலே பிடிக்கும் அம்மா" என்றார் அவர்.

ரெனிஷா நாடாவோடு வந்தாள். அதில் அரிசித் தவிடு ஒட்டியிருந்தது. பூங்கனி மருமகளின் கையைப் பிடித்து எழுந்து, சேலையில் மண்ணைத் தட்டிவிட்டு, அயினி மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"அளந்துக்கோ. குத்துமதிப்பா ஒண்ணும் வேண்டாம்."

ராஜையன் கீழே நாடாவின் நுனியை அவள் குதிகாலோடு சேர்த்துப் பிடித்தார். மேல்பக்கத்தை ரெனிஷா பிடித்தாள். அவளுக்குக் கண் இன்னும் சிவந்துதான் இருந்தது, மாமியாரின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. உள்ளங்கையை மட்டும் அவள் உச்சந்தலையில் வைத்து அழுத்தினாள்.

"நேரா நில்லுங்க மாமி" என்றாள். "கூனாதீங்க. பெறவு எடம் பத்தாது."

பூங்கனி நேராக நின்றாள். நாடாவில் என்ன காட்டுகிறது என்று திரும்பிப் பார்க்கவில்லை.